நடைவழி நிழற்படங்களும் தொகைநிலையும்

நாள்தோறும் நடக்கச் செல்வோர் வழியிற் கண்டவற்றை நிழற்படமாக எடுத்து வைத்தல் இன்று பெருவழக்காய் உள்ளது. வைகறையில் ஏரிக்கரையைச் சுற்றி வருவோரும், விடுமுறை நாளில் மலைப்பாதை ஏறுவோரும் கைப்பேசியைக் கையிற் கொண்டே செல்கின்றனர். மதிற்சுவரின்மேல் விழுந்த வெயில், பூட்டிக் கிடக்கும் கடை, பாதையோரத்து மரத்தின் வேர், எதிரே வந்தவர் பிடித்த குடை ஆகிய இவையே அப்படங்களின் பொருள். விழாவும் அன்று, அரிய காட்சியும் அன்று, அன்றாடமே இவற்றின் பாடுபொருள். இத்தகைய படங்களைக் கலையெனக் கொள்ளலாமா, கொள்ளின் எவ்வளவைகொண்டு மதிப்பிடுவது என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு உரியதோ என ஐயுறுவார் உளர். நிழற்படத் திறனாய்வு மேலைநாட்டில் நன்கு வளர்ந்ததே. ஆயினும், அன்றாடப் படங்களை மதிப்பிடுவதில் எழும் சிக்கல் ஒன்றற்கு நம் அணிநூலார் செய்யுளுக்கு வகுத்த பாகுபாடு தெளிந்த விடை தருகின்றது. அதனை எடுத்துக்காட்டுதலே நம் நோக்கம். மேலைக் கலைஞர் நம் நூல்களைக் கற்றனர் என்பது நம் கூற்றன்று. ஒரு மொழியிற் பிறந்த அளவைக்கோல் பிற நிலத்துக் கலையையும் அளக்கவல்லதாயின், அக்கோலின் செம்மையே அதனாற் புலப்படும்.

முத்தகமும் தொகையும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கின்றது. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம். பல பாடல்கள் ஒரு வினைகொண்டு முடிவது குளகம். தனித்தனியே முற்றிய பாடல்களை ஒரு நெறிபற்றிச் சேர்த்து வைப்பது தொகைநிலை. கதையாகவோ சொல்லாகவோ ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை.

நிழற்படத்தைப் பற்றி நம்மிடையே நிலவும் பொதுக்கருத்து அதனை முத்தகமாகவே கொள்கின்றது. ‘நல்ல படம் ஒன்று காட்டுக’ என்றே கேட்கின்றோம். போட்டிகளிற் பரிசு பெறுவதும் பெரும்பாலும் தனிப்படமே. இக்கொள்கைக்கு அரண் செய்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெசான் ஆவார். 1932-இல் பாரிசு நகரத்துத் தொடர்வண்டி நிலையம் ஒன்றன் பின்புறத்தில், தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவனின் குதிகால் நீரைத் தொடுமுன் அவர் எடுத்த படம் உலகறிந்தது. 1952-இல் வெளிவந்த அவர் நூலின் ஆங்கிலப் பதிப்பு, ‘தீர்மானிக்கும் கணம்’ எனப் பொருள்படும் பெயரையே தாங்கிற்று. நொடி தவறின் படமில்லை. இது முத்தகத்தின் அழகு. அதனை யாரும் மறுத்தற்கில்லை.

ஆயின், நாள்தோறும் ஒரே வழியில் நடப்பவரின் படத்தை இவ்வளவைகொண்டு அளப்பின், அது பெரும்பாலும் தோற்றுப்போகும். பூட்டிய கடையின் படத்தில் எந்நொடியும் தீர்மானிக்கும் நொடியன்று. இதனால் அன்றாடப் படங்கள் கலையாகா என முடிவு கட்டுவர். தவறு படத்தில் இல்லை. அளவைத் தேர்ந்தெடுத்ததிலேயே உளது. நடைவழிப் படம் முத்தகமன்று, தொகைநிலையின் உறுப்பு என்பதே நம் துணிபு.

அட்ஜே கண்ட பாரிசு

இதற்குச் சான்றாவார் யூஜின் அட்ஜே. 1857-இற் பிறந்த இவர் இளமையிற் கப்பலிலும் பின்னர் நாடக மேடையிலும் பணியாற்றியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிற் பழைய பாரிசைப் படமெடுக்கத் தொடங்கி, 1927-இல் மறையும் வரையில் அதனையே தொழிலாகக் கொண்டார். 18-க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும், கனத்த மரக் கருவியையும், முக்காலியையும் சுமந்து தெருத்தெருவாக நடந்தார். எடுத்த படங்கள் எட்டாயிரத்துக்கு மேற்பட்டன. ஓவியர்க்குப் பயன்படும் ஆவணங்கள் என்றே அவற்றை விற்றார். தம்மைக் கலைஞர் எனச் சொல்லிக்கொண்டாரல்லர்.

தொகைநிலை எவ்வெவற்றால் அமையும் என்பதையும் தண்டியலங்காரம் கூறுகின்றது. பாடியோர் ஒருவராயினும் பலராயினும், பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என்பவற்றுள் ஒன்றுபற்றித் தொகுக்கலாம் என்பது அதன் கருத்து. பொருளால் தொகுத்தது புறநானூறு, இடத்தால் தொகுத்தது களவழி நாற்பது, காலத்தால் தொகுத்தது கார் நாற்பது, அளவால் தொகுத்தது குறுந்தொகை என உரைகாரர் காட்டுவர். அட்ஜேயின் படங்கள் இந்நெறிகளிற் பலவற்றுக்குப் பொருந்தி நிற்றல் வியப்புக்குரியது. கதவுத் தட்டிகள், மாடிப்படிக் கைப்பிடிகள், கடைப் பெயர்ப்பலகைகள் எனத் திரட்டியவை பொருளால் அமைந்த தொகை. தெருவிற் கூவி விற்போர், கந்தல் பொறுக்குவோர் ஆகியோரின் படங்கள் தொழிலால் அமைந்தவை. சான்குளூ, வெர்சாய் முதலிய பூங்காக்களுக்கு ஆண்டுகள் பல கழித்தும் மீண்டும் மீண்டும் சென்று எடுத்தவை இடத்தால் அமைந்தவை.

இவற்றுள் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது சோ பூங்காவைப் பற்றிய தொகுதி. பராமரிப்பின்றிக் கிடந்த அப்பழம்பூங்காவில் 1925-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் சூன் வரை அட்ஜே 66 படங்கள் எடுத்தார். அவற்றுட் பலவற்றின் தலைப்பில் திங்களோடு பொழுதையும் குறித்துள்ளார்: காலை ஏழு மணி, எட்டு மணி என்பன போல. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து நோக்கின், பாசி படர்ந்த சிலையொன்று நிற்கும் பூங்கா என்பதற்குமேல் ஒன்றும் தோன்றாது. வரிசையாக நோக்கும்போது நிலை வேறாகின்றது. மார்ச்சில் இலையற்று நின்ற கிளைகள் சூனில் தழைத்து மூடுகின்றன. சிலைகளோ சிதைந்தவாறே நிற்கின்றன. மரம் மீளும், கல் மீளாது என்னும் உணர்வு காண்பார் நெஞ்சில் தானே எழுகின்றது. அவ்வுணர்வு எப்படத்திலும் இல்லை. படங்களுக்கு இடையிலேயே உளது.

தொல்காப்பியர் கூறிய முதல், கரு, உரி என்னும் முப்பொருள்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளும், மரமும் கல்லும் ஆகிய கருப்பொருளும் ஒவ்வொரு படத்திலும் உள. பாடலுட் சிறந்ததாகிய உரிப்பொருள், அதாவது இரங்கல், தொகையாலேயே பிறக்கின்றது. அன்றாடப் படங்கள் வறியனவாகத் தோன்றுவதற்குக் காரணம், முதலும் கருவும் மட்டும் உள்ள உறுப்பைத் தனியே எடுத்து அதனுள் உரியைத் தேடுவதேயாகும்.

சூடெக்கின் பிராகு

மற்றொரு சான்று செக் நாட்டு யோசெப் சூடெக். 1896-இற் பிறந்து 1976-இல் மறைந்த இவர் முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். புத்தகங் கட்டும் தொழில் கற்ற இவருக்கு ஒற்றைக் கையால் அத்தொழில் இயலாதாயிற்று. பெரிய கருவியையும் முக்காலியையும் தோளிற் சுமந்து பிராகு நகரத் தெருக்களிலும் ஆற்றங்கரைகளிலும் புறநகர்களிலும் நடந்தார். 10-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் அகன்ற படம் தரும் பழைய கருவியொன்றால் அவர் எடுத்த 284 படங்கள் 1959-இல் நூலாயின. ஒரே அளவுள்ள சட்டத்துள் ஒரு நகரம் முழுவதையும் காட்டிய இந்நூலைக் குறுந்தொகை போல அளவால் அமைந்த தொகை எனலாம்.

நடை தடைப்பட்டபோதும் அவர் தொகுத்தலை விட்டாரல்லர். பிராகு செருமானியர் கையகப்பட்டிருந்த 1940-இல், தம் சிறு பணியகத்துச் சாளரத்தைப் படமெடுக்கத் தொடங்கி, 1954 வரை தொடர்ந்தார். அதே சாளரம், அதே முற்றத்து மரம். மாறுபவை கண்ணாடியிற் படிந்த பனித்துளியும் பருவமுமே. பின்னர் பெசுகிடு மலைத்தொடரில் மியொன்சி என்னும் பழங்காட்டுக்குப் பலமுறை சென்று, பட்டு நிற்கும் மரங்களை எடுத்தார். அவற்றுக்கு ‘மறைந்த சிலைகள்’ எனப் பெயரிட்டார். நகரத்தில் நடந்தவர் காட்டிலும் அதே நடையை நடந்தார் என்பது இத்தொகைகளால் போதரும்.

தடையும் விடையும்

இங்குத் தடைகள் இரண்டு எழலாம். கருவி உள்ளதை உள்ளவாறே பதிகின்றது. புலவனோ நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து புனைகின்றான். ஆதலின் இரண்டையும் ஒப்பிடல் பொருந்தாது என்பது முதலாவது. கருவி பதிவது உண்மையே. ஆயின், எங்கு நிற்பது, எப்பொழுது நிற்பது, எதனைச் சட்டத்துக்கு வெளியே விடுவது, எதன்பின் எதனை வைப்பது என்பன கருவியின் செயல்கள் அல்ல. அட்ஜே காலை ஏழு மணியைத் தேர்ந்தார், நண்பகலைத் தேர்ந்தாரல்லர். அத்தேர்வே புனைவு.

விற்பனைக்கென எடுத்தவை கலையாகா என்பது இரண்டாவது. புறநானூற்றுப் புலவர் பலர் பரிசில் வேண்டிப் பாடினர். பரிசில் பெற்றதோடு பாடல் முடிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். அட்ஜே 1920-இல் 2,600-க்கு மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். அவ்விற்பனையே அவற்றைக் காத்தது.

தொகுப்பார் கடன்

தொகை என்றவுடன் தொகுத்தார் யார் என்னும் வினா எழும். அகநானூற்று நானூறு பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலை. இரண்டும் எட்டும் பெற்றவை குறிஞ்சி, நான்கு பெற்றவை முல்லை, ஆறு பெற்றவை மருதம், பத்தின் பெருக்கம் நெய்தல். இம்முறையாற் படிப்போன் ஒவ்வொரு நிலத்தைக் கடந்ததும் மீண்டும் பாலையையே மிதிக்கின்றான். இவ்வனுபவம் புலவர் எவரும் தந்ததன்று, தொகுத்தவர் தந்தது. அட்ஜே மறைந்தபின் எஞ்சிய தகடுகளையும் படங்களையும் 1928-இல் வாங்கி நாற்பதாண்டு காத்தவர் பெரனீசு அபட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1968-இல் அவை நியூயார்க்குப் புதுக்கலைக் காட்சியகத்தை அடைந்தன. தகட்டில் எண்ணும் படத்தின் பின்புறம் இடப்பெயரும் அட்ஜே எழுதி வைத்தமையாலேயே பின்னையோர் அவற்றை வரிசைப்படுத்த முடிந்தது. புறப்பாடல்களின் அடியில் நிற்கும் திணை, துறைக் குறிப்புகள் செய்யும் பணியை அவ்வெழுத்துகள் செய்தன.

இதற்கு மறுதலையான நிலை விவியன் மையருடையது. குழந்தைகளைப் பேணும் பணிப்பெண்ணாகச் சிகாகோ நகரத்தில் வாழ்ந்த இவர், பல்லாண்டுகள் தெருக்களில் நடந்து 1,00,000-க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றைப் பிறர்க்குக் காட்டியது அரிது. 2007-இல் அவர் வாடகைக்கு வைத்திருந்த பொருள்கள் ஏலம் போயின. கழுவப்படாத படச்சுருள்களும் அவற்றுள் இருந்தன. 2009-இல் அவர் மறைந்தபின் பிறர் தெரிந்தெடுத்தவையே அவர் புகழாயின. இன்று நாம் காண்பது மையரின் கண்ணையா, தெரிந்தெடுத்தோரின் சுவையையா என்று பிரித்தறிதல் எளிதன்று. குவியலை விட்டுச் சென்றவர்க்குத் தொகையைப் பிறரே செய்வர்.

மற்றொன்றும் கருதற்பாலது. தெருவில் எதிர்ப்பட்டவரின் முகம் நடைவழிப் படங்களிற் பெரிதும் இடம்பெறும். அவர் இசைவு தந்தவரல்லர். அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது நம் மரபு. காதல் எல்லார்க்கும் பொது என்பதோடு, ஒருவரின் உள்வாழ்வை ஊரறியச் செய்தல் ஆகாது என்னும் நாகரிகமும் அதனுள் அடங்கியதெனக் கொள்ளலாம். பிறர் துயரையும் தனிமையையும் படமெடுப்போர் இவ்வரம்பை ஏற்பாராயின், படத்தின் அழகு குறையாது; அறம் மிகும்.

முடிபு

இன்றைய கைப்பேசி நாளையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்தே பதிகின்றது. இசைவு தரின் இடத்தையும் குறிக்கின்றது. முதற்பொருளை எழுதும் உழைப்பு நம்மை விட்டு நீங்கிற்று. துறையை எழுதுவது மட்டும் எஞ்சியுள்ளது: எதற்காக இங்கு நின்றேன், எதன்பின் இதனை வைப்பேன் என்பது. அதனைச் செய்யாவிடில் பத்தாயிரம் படம் எடுத்தவரும் குவியல் உடையவரே, தொகை உடையவரல்லர்.

இஃது ஒருவரின் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஏரிகள் தூர்கின்றன, தெருவோர மரங்கள் சாலைக்கு இடம் கொடுத்து வீழ்கின்றன, ஓட்டுவீடுகள் ஓராண்டில் அடுக்குமாடிகளாகின்றன. ஒரே கரையில் பத்தாண்டு நடந்து படமெடுத்தவர், அக்கரை மாறிய வரலாற்றைத் தாம் அறியாமலே கையில் வைத்திருக்கின்றார். அதனை இடத்தாலும் காலத்தாலும் முறைப்படுத்தி, ஒவ்வொன்றன் கீழும் ஒருவரிக் குறிப்பு எழுதுவாராயின் அது தொகையாகும். எழுதாவிடின் கைப்பேசி மாறும் அன்றே அது மறையக்கூடும். நம் துறை மாணவர் தத்தம் ஊரின் ஒரு தெருவையோ ஒரு குளக்கரையையோ எடுத்துக்கொண்டு, ஓராண்டுக் காலம் இம்முறையில் தொகுத்துப் பார்த்தல் நன்று. திணையும் துறையும் ஏட்டுக்கு மட்டும் உரியன அல்ல என்பதை அப்பயிற்சி அவர்க்கு உணர்த்தும்.