கூப்பிட்டவர் பெயர்

வெளிநாட்டிலிருந்து பத்து நாள் ஊழியத்துக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பியதும் எழுதும் சாட்சிகளை ஒரு தனி எழுத்து வகையாகவே வாசிக்கலாம். தொடக்கம் அநேகமாக ஒன்றுதான். விமான நிலையக் கதவு திறக்கிறது, வெக்கை முகத்தில் அடிக்கிறது. அப்புறம் வேன், குண்டும் குழியுமான ரோடு, கடைசியில் ஓடி வருகிற குழந்தைகள். குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. சிரிப்பு மட்டும் உண்டு.

அந்தச் சிரிப்புகளில் ஒன்று என்னுடையது. எனக்கு ஒன்பது வயசில் எங்கள் சேரியில் நடந்த வி.பி.எஸ்.சுக்கு அப்படி ஒரு குழு வந்தது. கை தட்டிப் பாடினோம். கலர் பென்சில் கொடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். கல்லூரிக்குப் போன பிறகு ஐயர் வீட்டுப் பழைய காகிதக் கட்டில் அவர்களுடைய செய்திமடல் கிடைத்தது. படத்தில் முன்வரிசையில் நான். கீழே, இது சுவிசேஷம் எட்டாத கிராமம் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பாட்டிக்குத் தமிழில் சொன்னேன்.

"யாருட்டி அப்படிச் சொன்னது? எங்க மாமனாரு இந்தக் கோயில்ல உபதேசியாரா இருந்தவரு. இத்தனை வருஷமா மணி அடிக்கோமே, அது இவங்க காதுல விழலையா?"

பாட்டி கேட்ட கேள்வியைத்தான் இந்தப் பிரதிகளிடம் நானும் கேட்கிறேன்.

இந்த எழுத்துக்கு மூத்தவர் என்று ஏமி கார்மைக்கேலைச் சொல்வார்கள். முழுக்க நியாயமில்லை. 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் டோனாவூரில் சாகும்வரை ஊர் திரும்பவே இல்லை. தமிழ் படித்தார். 1903இல் வெளியான ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ நூலின் கையெழுத்துப் படியை, இன்னும் கொஞ்சம் உற்சாகமூட்டும்படி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் இறங்கி வரவில்லை. இன்றைய செய்திமடல்காரர்களுக்கு இந்தத் துணிச்சல் இல்லை. ஆனால் அந்த நூல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது சாதிக்காரர் வீட்டு வாசலை. அந்த வீட்டுப் பெண்பிள்ளை படி தாண்டுவாளா மாட்டாளா என்பதுதான் அதன் நாடகம். திரளாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த எங்கள் ஜனம் அந்த நாடகத்துக்குப் பின்திரை. அவர் நடத்திய இல்லத்தில் பிள்ளைகளைச் சாதி பார்க்காமல் வளர்த்தார். அது சின்ன காரியமில்லை. எழுத்தில் மட்டும் யாருடைய கண்ணீருக்கு எத்தனை பக்கம் என்ற கணக்கு இருந்தது.

இதற்கு நேர் எதிரி மாதிரி நிற்கிற இன்னொரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் கப்பலில் வந்தான், கோதுமையும் பால்பவுடரும் கொடுத்தான், இதுகள் மதம் மாறிவிட்டன என்பது அது. இந்துத்துவக்காரர்கள் மேடையில் சொல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே கதைதான். இரண்டும் கப்பலில்தான் தொடங்குகின்றன. இரண்டிலும் சேரிக்காரன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஒருத்தர் அதைப் பசி என்கிறார், இன்னொருத்தர் பேராசை என்கிறார். அவன் யோசித்திருப்பான், முடிவெடுத்திருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மயிலாடி மகாராசனை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கோல்ஹாஃப் பாதிரியாரின் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். சொந்தபந்தங்களைக் கூட்டி ஜெபம் நடத்தினார். எதிர்ப்பு வந்ததும் எங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று அவரே கேட்டார். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருவிதாங்கூருக்குள் வந்தபோது, மயிலாடியில் ஏற்கெனவே கூடி ஜெபிக்கிற ஒரு ஜனம் இருந்தது. போனவர் நம்ம ஆள், கூப்பிட்டவர் நம்ம ஆள். ஞாயிறு பள்ளிக் கதையில் மட்டும் அவர் ‘உதவியாளர்’.

ரிங்கல்தௌபே பள்ளிக்கூடங்கள் திறந்தார். நன்றி மறக்க முடியாது. அந்த நாட்டில் அடிமைமுறையை ஒழிக்கும் அரச அறிவிப்பே 1855இல்தான் வந்தது. ஆனால் தன்னிடம் வருகிறவர்கள்மேல் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை: தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்களோ என்று. (திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. இன்று பத்து நாள் வந்து போவதற்கும் அதே சொல்தான்.) வந்தால் என்ன தப்பு? கூலி கொடுக்காமல் முதுகை ஒடிக்கிறவனிடமிருந்து தப்ப நினைப்பது எந்த வகையில் விசுவாசத்துக்குக் குறைவு? எகிப்திலிருந்து புறப்பட்டவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

1816இல் அவர் புறப்பட்டுப் போனார், பொறுப்பை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டு. 1818இல் சார்லஸ் மீட் வரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவர் இவர்தான். கப்பல் வராத அந்த இரண்டு வருஷத்தை வைத்து யாராவது கதையைத் தொடங்கட்டுமே.

ஆய்வு செய்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிஷன் அறிக்கைகள் எங்கும் ஓடிவிடாது, பத்திரமாக நூலகங்களில் இருக்கின்றன. எங்கள் ஐயர் வீட்டு அலமாரியில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் கிடக்கின்றன. பழைய பெயர், புதுப் பெயர், அப்பன் பெயர், தொழில் எல்லாம் பேனாவில் எழுதியது. போன மழைக்கு மேல்தட்டில் ஒழுகியது. இரண்டைக் கரையான் ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சத்தை நான் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இன்னும் இரண்டு பேர் வந்தால் கோடை லீவுக்குள் முடித்துவிடலாம்.