திரைக்கு அப்பால் விசுவாசம்: வெர்மீரின் உருவக ஓவியம் ஒன்று

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்தில் ‘கத்தோலிக்க விசுவாசத்தின் உருவகம்’ என வழங்கும் தைல வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து யோஹன்னஸ் வெர்மீர் (1632–1675) இதனை 1670–72 அளவில் தீட்டினார். சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்த நாம் இவ்வோவியத்தை இரு காரணங்களால் எளிதில் ஒதுக்கிவிடக்கூடும். ஒன்று, அதன் சமயச் சார்பு. மற்றொன்று, வெர்மீரின் படைப்புகளுள் இது குறைபாடுடையது எனத் திறனாய்வாளர் பலர் கூறிவந்துள்ளமை. இரண்டாவது கூற்றில் பெரிதும் உண்மை உண்டு. ஆயினும் அக்குறையின் தன்மையை ஆராய்வோமாயின், அது பிரசங்க பீடத்தில் நிற்கும் நமது குறையுமாகும் என்பது விளங்கும்.

முதலில் ஓவியத்தை நோக்குவோம். வெண்மையும் நீலமுமான ஆடை அணிந்த பெண்ணொருத்தி வலக்கரத்தை மார்பில் வைத்து, விழிகளை மேலே உயர்த்தி அமர்ந்திருக்கிறாள். அவளது வலப்பாதம் பூகோள உருண்டையின்மீது ஊன்றியிருக்கிறது. அருகிலுள்ள மேசையில் சிலுவையும் பாத்திரமும் விரித்த நூலும் உள்ளன. பின்சுவரில் யோர்டான்ஸ் என்னும் ஓவியரின் சிலுவைக் காட்சி தொங்குகிறது. தரையில் கனி ஒன்று கிடக்கிறது. கல்லால் நசுக்கப்பட்ட சர்ப்பம் இரத்தம் கக்குகிறது. ஆதியாகமம் 3:15-ஐயும், எபேசியர் 2:20 கூறும் மூலைக்கல்லையும் அறிந்தவருக்கு இவற்றின் பொருள் கூறவேண்டுவதில்லை.

இவ்வடையாளங்களிற் பெரும்பாலானவை வெர்மீரின் கற்பனையல்ல. இத்தாலியரான சேசரே ரீப்பா ஓவியர்களுக்கெனத் தொகுத்த உருவக நூல் 1644-இல் டச்சு மொழியில் வெளிவந்தது. விசுவாசம் என்னும் பெண் எவற்றை ஏந்தவேண்டும், எதனை மிதிக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளன. வெர்மீர் அவ்விதிகளை ஏறக்குறைய ஒவ்வொன்றாக நிறைவேற்றியுள்ளார். குறை இங்கேதான் தொடங்குகிறது. பொருள்கள் யாவும் விடை சொல்லிவிடுகின்றன. நடுவில் அமர்ந்திருக்கும் பெண்ணோ நாடக மேடையில் ஒரு பாவனையைக் காட்டுபவளாகவே எஞ்சுகிறாள். விசுவாசத்தின் சின்னங்கள் அனைத்தும் அங்குண்டு. விசுவாசிக்கிற ஆத்துமாவைக் காணோம்.

இவ்வோவியர் இயலாதவர் அல்லர். வாஷிங்டனிலுள்ள அவரது ‘தராசு ஏந்திய பெண்’ 1664 அளவில் வரையப்பட்டது. அங்கும் பின்சுவரில் ஒரு வேதாகமக் காட்சி, இறுதி நியாயத்தீர்ப்பு, தொங்குகிறது. அதன்முன் இல்லத்தரசி ஒருத்தி சிறு தராசைச் சமநிலையில் பிடித்து அமைதியாய் நிற்கிறாள். தராசுத் தட்டுகள் வெறுமையாய் இருப்பது நுண்ணோக்கி ஆய்வில் தெளிவாயிற்று. எவரும் நமக்கு விளக்கம் உரைப்பதில்லை. எனினும் நாமும் நிறுக்கப்படுகிறோம் என்ற உணர்வு நெஞ்சைத் தொடுகிறது. அவ்வோவியம் உவமையைப்போல் இயங்குகிறது. நாம் ஆராயும் ஓவியமோ பொருள் அட்டவணையைப்போல் நிற்கிறது.

நல்ல சமாரியன் உவமைக்கு நேர்ந்ததை இங்கு நினைவுகூரலாம். சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை என அகுஸ்தீன் ஒவ்வொன்றுக்கும் உருவகப் பொருள் கண்டார். கால்வின் அவ்விளக்கத்தை மறுத்தார். கால்வினின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் நாமோ, ஞாயிறுதோறும் எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் பொருள் கூறிமுடித்து, வழியோரத்தில் அடிபட்டுக் கிடப்பவனை மறந்துவிடுகிறோம். இதை எழுதுகிறவனும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தவன்தான்.

எனினும் இத்துடன் முடித்தால் நம் தீர்ப்பு நீதியுள்ளதாகாது. ஓவியத்தின் இடப்புறத்தில் கனத்த சித்திரத் திரை ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பால் தெரிவது ஆலயம் அன்று. ஒரு வீட்டின் அறை. அந்நாளைய டச்சுக் குடியரசில் கத்தோலிக்கர் வெளிப்படையாய் ஆராதிக்கத் தடை இருந்தது. வீடுகளுக்குள் மறைவாகக் கூடுவதையே அதிகாரிகள் கண்டும் காணாததுபோல் விட்டுவைத்தனர். வெர்மீர் சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1653-இல் கத்தோலிக்கப் பெண்ணை மணந்து, பின்னர் மாமியாரின் இல்லத்தில் வாழ்ந்தார். அவ்வில்லத்திற்கு அருகே இயேசு சபையாரின் மறைவான ஆலயம் இருந்தது. ஆகவே, நமக்கு மிகையாய்த் தோன்றும் இந்தப் பாவனை, வீதியில் அறிக்கையிட இயலாதோர் உள்ளறையில் செய்த அறிக்கையுமாகும். அந்த வீதியை அடைத்தவர்கள் நம் முன்னோர்களே. பிறருடைய மிகைச் சொல்லைக் குறைகூறுமுன், அவர்களை நாம் எங்கே பேசவிட்டோம் என்று கேட்பது நம் கடமை.

இறுதியாக, அப்பெண்ணின் தலைக்குமேல் நீல நாடாவில் தொங்கும் கண்ணாடி உருண்டையைக் காண்க. 1636-இல் வெளியான இயேசு சபை நூலொன்றில் இத்தகைய உருண்டை, அளவற்ற இறைவனை ஏற்கும் சிறிய மனித மனத்துக்கு அடையாளமாயிற்று. ஆனால் அந்நூலை அறியாதவரும் இதன்முன் நின்றுவிடுவர். ஏனெனில் இங்கு வெர்மீர் விதியை விட்டுத் தம் கண்ணை நம்பினார்: அறையின் ஒளி அச்சிறு கோளத்தில் வளைந்து மின்னுகிறது. பிரசங்கத்தை ஆயத்தஞ்செய்யும் இறையியல் மாணவர், தம் குறிப்பேட்டில் இவ்விதம் கண்டு எழுதிய வரி எது, அட்டவணையிலிருந்து எடுத்த வரி எது என்று பிரித்துப் பார்ப்பாராக.