பதிப்பும் பத்திரிகையும்: கொங்கு நாட்டு இதழியலின் தேய்வு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அச்சு இதழ்களின் வீழ்ச்சிக்கு இணையமும் கைப்பேசியுமே காரணம் என்பது பரவலான கருத்து. கொங்கு நாட்டு இதழியல் வரலாற்றை நோக்கும்போது இக்கருத்து முழுமையானதாகத் தோன்றவில்லை. இப்பகுதியில் தேய்ந்தது முதலில் காகிதம் அன்று. இங்கிருந்தே சிந்தித்து, இங்கிருந்தே பொறுப்பேற்று எழுதிய ஆசிரியபீடம். பத்திரிகை உருவாகும் இடமாக இருந்த கோயம்புத்தூரும் ஈரோடும், பத்திரிகை அச்சாகும் இடங்களாக மாறிய நிகழ்வைக் கட்டுரை மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: கொங்கு இதழியல், குடிஅரசு, கலைக்கதிர், வானம்பாடி, நகரப் பதிப்பு, ஆவணமாக்கம்

முன்னுரை

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 'நவ இந்தியா' என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோருள் பலர், அது இந்நகரிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழின் பெயர் என்பதை அறியார். அதே சாலையில் சற்றுத் தொலைவில் 'ஹோப் காலேஜ்' என்ற நிறுத்தமும் உள்ளது. அங்கிருந்த கல்லூரி இடம்பெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் சாலையில் இன்றும் இயங்குகிறது. கல்லூரிக்குத் தொடர்ச்சி வாய்த்தது. நாளிதழுக்குப் பெயர்ப்பலகை மட்டுமே வாய்த்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிருந்து எழுதிய காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சே. ப. நரசிம்மலு நாயுடு கோயம்புத்தூரில் அச்சகம் நிறுவி, 'கோயமுத்தூர் கலாநிதி' என்னும் இதழை நடத்தினார். சிறுவாணி நீரை நகருக்குக் கொணரலாம் என வலியுறுத்தியவராகவும் அவர் நகர வரலாற்றில் நினைவுகூரப்படுகிறார். அந்நீர் நகரை வந்தடையப் பல பத்தாண்டுகள் ஆயின. தன் ஊரின் தேவையைக் கண்டறிதல், அதனைப் பொது வழக்காக்குதல், பயன் கிட்டும்வரை விடாது பேசுதல் ஆகியவை உள்ளூர் இதழாளர் ஒருவரின் பணியாகவே தொடக்கத்தில் இருந்தன என்பதை இது காட்டுகிறது.

1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு' வார இதழ் இதன் அடுத்த கட்டம். ஒரு வணிக ஊரில் அச்சேறிய அவ்விதழ் தமிழகம் முழுவதையும் நோக்கிப் பேசியது. 1933 அக்டோபர் 29 இதழின் தலையங்கத்திற்காகப் பெரியாரும், வெளியீட்டாளர் என்ற முறையில் அவர் சகோதரி கண்ணம்மாளும் சிறைத்தண்டனை பெற்றனர். எழுத்துக்கு ஒரு முகவரியும், அம்முகவரியில் விடைசொல்ல ஓர் ஆளும் இருந்ததன் விளைவு இது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிடுபவர், வெளியிடுபவர், இடம் ஆகியவற்றை இதழில் குறிக்க வேண்டுமென விதித்தது. அரசு தன் கண்காணிப்பிற்காக ஏற்படுத்திய அவ்வரி, காலப்போக்கில் வாசகருக்கும் பயன்பட்டது: எழுதியது யார், எங்கே போய்க் கேட்கலாம் என்பதை அது சொன்னது.

விடுதலைக்குப் பின் இம்மரபு கிளைத்தது. 1940களின் இறுதியில் ஜி. ஆர். தாமோதரன் முயற்சியால் தோன்றிய 'கலைக்கதிர்', தமிழ் கல்லூரிப் பயிற்றுமொழியாவதற்கு முன்பே அறிவியலைத் தமிழில் எழுதும் பயிற்சிக்களமாயிற்று. 1971இல் 'விலையிலாக் கவிமடல்' என்ற அறிவிப்போடு வந்த 'வானம்பாடி', புதுக்கவிதையைச் சிறு வட்டத்திலிருந்து பெருந்திரளிடம் கொண்டுசென்றது. புவியரசு, சிற்பி, ஞானி முதலியோர் கூடிய அவ்வியக்கத்தின் மீது கலைநோக்கிலான மறுப்புகள் பல எழுந்தன. எனினும் கோயம்புத்தூரில் தோன்றிய ஓர் இதழைப் பற்றித் தமிழிலக்கிய உலகம் முழுவதும் வாதிட்டது என்பது மறுக்கவியலாதது. ஞானி பின்னர் 'நிகழ்', 'தமிழ்நேயம்' ஆகிய இதழ்களைத் தொடர்ந்து நடத்தினார். பார்வையை இழந்த பின்னரும் அவர் இதழ்ப்பணி நிற்கவில்லை.

பதிப்பின் வரவு

1969இல் 'தி இந்து' ஆங்கில நாளிதழ், சென்னையில் உருவான பக்கங்களை நிழற்படி முறையில் கோயம்புத்தூருக்கு அனுப்பி அச்சிடத் தொடங்கியது. செய்தித்தாள் புகைவண்டிக்குக் காத்திராமல் விடியலிலேயே வாசகர் கையை அடைந்தது. ஆனால் இதழை உருவாக்கும் இடமும் அச்சிடும் இடமும் வேறாகலாம் என்பதையும் அது நிறுவியது. பல நகரங்களில் பதிப்பு என்னும் முறையைத் தமிழ் நாளிதழ்கள் தமக்கேற்ற வழிகளில் வளர்த்தெடுத்தன. செய்தியாளர்களும் அச்சகமும் இங்கு இருக்க, கொள்கையும் முதலீடும் தலைமையகத்தின் வசமாயின.

இம்முறை மக்களுக்கு நன்மையே செய்யவில்லை எனல் பொருந்தாது. ஈரோட்டு மஞ்சள் விலை, திருப்பூர்த் தொழில் நிலவரம், சிற்றூர்களின் குடிநீர்க் குறை ஆகியவை முன்னெப்போதையும்விட மிகுதியாக அச்சேறின. தனி உள்ளூர் நாளிதழ் ஒன்றால் இவ்வளவு செய்தியாளரைப் பணியமர்த்தியிருக்க இயலாது. குறை அளவில் இல்லை, அமைப்பில் உள்ளது. மாவட்ட இணைப்பில் இடம்பெறும் செய்தி, பெரும்பாலும் அம்மாவட்டத்திலேயே வாசிக்கப்பட்டு அன்றே முடிந்துபோகிறது.

நொய்யல் ஆறு இதற்குத் தக்க சான்று. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் அது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு, கீழ்ப்புறத்தில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி உழவர் நிலத்தைக் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது தொழிலாளரின் வாழ்வாதாரம் கேள்விக்குள்ளானது. ஆறு ஒன்று, சிக்கலும் ஒன்று. இணைப்பின் எல்லைகளோ அதை நான்காகப் பிரிக்கின்றன. சாய ஆலை உரிமையாளர், தொழிலாளர், கடைமடை உழவர் ஆகிய மூவரையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அமர்த்தி வாதிடச் செய்ய, இவ்வட்டாரம் முழுவதையும் தன் களமாகக் கொண்ட ஓர் இதழ் வேண்டும். நீதிமன்றச் செய்தி தலைநகரிலிருந்து வந்தது. அணையின் செய்தி மாவட்டத்திலிருந்து வந்தது. இரண்டையும் இணைக்க வேண்டிய ஆசிரியபீடம் இடையில் இல்லை.

புரவலரும் பொருளாதாரமும்

பழைய இதழ்களைப் புகழ்வது மட்டும் ஆய்வாகாது. அவற்றின் நிலையாமைக்கான காரணங்கள் அவற்றின் உள்ளேயே இருந்தன. 'குடிஅரசு' இயக்கத்தாலும், 'கலைக்கதிர்' கல்வி நிறுவனச் சார்பாலும், 'வானம்பாடி' நண்பர் குழுவாலும், 'நிகழ்' பெரிதும் தனிமனித உழைப்பாலும் நின்றன. வாசகர் தரும் விலையால் மட்டுமே வாழ்ந்த இதழ் இவற்றுள் ஒன்றில்லை. குழு பிரிந்தால் இதழ் நின்றது. மனிதர் தளர்ந்தால் இதழ் தளர்ந்தது. நூற்பாலைகளும் இயந்திரத் தொழிலும் செழித்த ஒரு வட்டாரத்தில் சுதந்திரமான இதழுக்கு நிலையான பொருள்வளம் உருவாகாதது விரிவாக ஆராயத்தக்கது.

விளம்பரத்தை நம்பிய நகரப் பதிப்புகளும் இன்று அதே நெருக்கடியைச் சந்திக்கின்றன. 2019இல் இறக்குமதிச் செய்தித்தாளுக்கு 10 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், கொரோனா முடக்கம் விளம்பர வருவாயைத் தாக்கியது. 1941இல் தொடங்கிய 'கல்கி' வார இதழே 2020இல் அச்சை நிறுத்தி இணையத்திற்கு மாறியது. வருவாய் குறையும்போது நிறுவனங்கள் முதலில் தலைமையகத்தைக் காக்க முனைவது இயல்பு. ஆட்குறைப்பும் பக்கக் குறைப்பும் வட்டாரப் பதிப்பிலேயே முதலில் உணரப்படும். உள்ளூர் இதழ்களை இடம்பெயர்த்த பதிப்பும் சுருங்குமானால், அவ்விடத்தை நிரப்ப எஞ்சுவது அனுப்பியவர் பெயரற்ற கைப்பேசிச் செய்தியே. அதற்கு முகவரி இல்லை. பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடும் கடமையும் இல்லை.

எஞ்சும் ஆவணங்கள்

மறைந்த இதழ்கள் அனைத்தும் ஒரே வகையில் மறைவதில்லை. 'குடிஅரசு' எழுத்துகளைத் தொகுத்து வெளியிடும் உரிமை குறித்துப் பெரியாரிய அமைப்புகளுக்கிடையே சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. வெளியீட்டைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது. வழக்காடும் அளவுக்கு உரிமை கொண்டாடுவோர் இருந்ததே அவ்விதழின் வலிமை. உரிமை கொண்டாட இயக்கமோ நிறுவனமோ இல்லாத நாளிதழ்களின் நிலை வேறு. நாளிதழ் அன்றாடம் படித்து, மடித்து, பழைய தாளாக எடைக்குப் போடப்படும் பொருள். நூலுக்குக் கிட்டும் பாதுகாப்பு அதற்குக் கிட்டுவதில்லை. ஆனால் ஆலை வேலைநிறுத்தம், பஞ்சு விலை, நாடகக் கொட்டகை அறிவிப்பு, இரங்கற் செய்தி என ஒரு நகரின் அன்றாடம் பதிவான இடம் அதுவே. அதை இழந்தால் கொங்கு வட்டாரத்தின் 20ஆம் நூற்றாண்டுச் சமூக வரலாற்றை அரசுக் கோப்புகளையும் நிறுவன மலர்களையும் கொண்டே எழுத நேரும். இரண்டும் அதிகாரத்தின் தரப்பைச் சொல்பவை.

முடிவுரை

கொங்கு நாட்டு இதழியலின் தேய்வு இருமுறை நிகழ்ந்தது. முதலாவது, உருவாக்கமும் அச்சும் பிரிந்தபோது. அப்போது விற்பனை பெருகியதால் இழப்பு உணரப்படவில்லை. இரண்டாவது, இன்று அச்சும் சுருங்கும்போது. இரண்டாவதை மட்டும் கண்டு வருந்துவோர், இணையம் தொலைவுச் செலவை நீக்கியிருப்பதைக் கருதுவதில்லை. பொள்ளாச்சியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ அமர்ந்து தமிழுலகு முழுவதற்கும் எழுதுவது 1925ஐவிட இன்று எளிது. இல்லாதது பெயரிட்டுப் பொறுப்பேற்கும் ஆசிரியபீடமும், அதனைத் தாங்கும் வாசகச் சந்தாவும்.

உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கொங்கு வட்டாரக் கல்லூரி நூலகங்கள், பழைய அச்சகங்கள், தனியார் சேமிப்புகள் ஆகியவற்றில் எஞ்சியுள்ள இதழ்களுக்குப் பொதுப் பட்டியல் ஒன்று உருவாக்கப்பட வேண்டும். எந்த இதழின் எந்தத் தாள் எங்குள்ளது என்பதே முதற்கேள்வி. மின்னுருவாக்கம் அதன் பின்னரே பொருள்படும். தமிழ்த் துறை மாணவர் ஆய்வேடுகள் இதனை மேற்கொண்டால், 'நவ இந்தியா' என்று பயணச்சீட்டு கேட்பவர் அந்நாளிதழின் ஒரு பக்கத்தையேனும் புரட்டிப் பார்க்க வழி பிறக்கும்.