வேலிக்கு அப்பால் இருப்பவர்கள்

வைட்ஃபீல்டுக்குக் கணினி நிறுவனங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1963இல், மார்த்தோமா சபைக் குருவான எம். ஏ. தாமஸ் அங்கே எக்யூமெனிகல் கிறிஸ்டியன் சென்டரைத் தொடங்கினார். சபைப் பிரிவு பார்க்காமல் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கவும், நாட்டு நடப்பைப் பேசவும் ஏற்பட்ட இடம் அது. 1882இல் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாகத் தொடங்கிய அந்த அமைதியான ஊருக்கு இன்று மெட்ரோவே வந்துவிட்டது. ஆனாலும் ‘ரிட்ரீட்’ என்றால் மரநிழல், மௌனம், அணைத்து வைத்த கைபேசி என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஜெப வாழ்வு புதுப்பிக்கப்பட, ஊரைவிட்டு எவ்வளவு தூரம் ஒதுங்கினோம் என்பதைவிட, ஒதுங்கிய இடத்தின் வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய பாடு ஜெபத்துக்குள் வந்ததா என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தியக் கிறிஸ்தவ ஆசிரமங்களையும் இலங்கை ஆசிரமங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது துலங்கும்.

குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950இல் மோன்ஷானென், லே சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தை நிறுவினார்கள். 1968 முதல் பீட் கிரிபித்ஸ் அதை நடத்தினார். அங்கே காலை ஜெபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. காவி உடை, ஆரத்தி, சமஸ்கிருத மந்திரம் எல்லாம் உண்டு. இங்கே கிறிஸ்தவ ஜெபம் கைநீட்டிப் பெற்றுக்கொண்டது உபநிடதங்களிடமிருந்தும் சந்நியாச மரபிடமிருந்தும். அது பெரிய துணிச்சல், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வயலில் நாற்று நடுகிறவரின் கிறிஸ்தவமோ இந்து சமயமோ அந்த நூல்களில் இல்லை. அவர் கும்பிடும் மாரியம்மனுக்கு அந்த வழிபாட்டில் இடமில்லை. பெங்களூரில் அமலோற்பவதாஸ் 1967இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இந்திய வழிபாட்டு முறைக்காக உழைத்தபோதும் இந்தச் சிக்கலே கேள்வியாக எழுந்தது. எந்த இந்தியா, யாருடைய இந்தியா என்று தலித் இறையியலாளர்கள் 1980களிலிருந்து கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்விதான்.

இலங்கையில் அயலார் நூலாக வரவில்லை, ஆளாக வந்தார்கள். 1957இல் ஆங்கிலிக்கன் குருவான யோகான் தேவானந்த, குருநாகல் பகுதியிலுள்ள இப்பாகமுவையில் தேவசரணாராமய என்ற ஆசிரமத்தைப் பௌத்த ஆராமயத்தின் சாயலில் அமைத்தார். தொடக்கம் இந்தியாவில் நடந்தது போலத்தான்: தியானம், எளிமை, அயல் மதத்தின் மீது மரியாதை. சுற்றிலும் இருந்தவர்களோ நிலமில்லாத சிங்கள விவசாயிகள். 1971 இளைஞர் கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலத்தில் அந்த ஆசிரமம் மௌனத்துக்குள் பதுங்கியிருக்க முடியவில்லை. கூட்டுப் பண்ணை வந்தது. பௌத்தர்களும் மார்க்சியர்களும் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து சொல்லக்கூடிய புதிய வழிபாட்டு முறை ஒன்றும் வந்தது. ஜெபத்தின் உடை மட்டுமல்ல, விண்ணப்பமே மாறியது. 1974இல் அலோசியஸ் பீரிஸ் என்ற இயேசு சபைக் குரு களனிக்கு அருகே துலான மையத்தைத் தொடங்கினார். சீடரின் கால்களைக் கழுவும் இயேசுவை அந்த மையத்துக்காகப் படைத்துக் கொடுத்தவர் ஹட்டிகம்மன உத்தரானந்த என்ற பௌத்த பிக்கு. ஆசியாவின் சமயங்களில் முழுகுவதும் ஆசியாவின் வறுமையில் முழுகுவதும் ஒரே திருமுழுக்கின் இரு பக்கம் என்று பீரிஸ் வாதிட்டார். ஆசிரமங்கள் பல முதலாவதோடு நின்றுவிட்டன என்று அவர் குறைப்பட்டார்.

‘இந்தியர் மௌனம், இலங்கையர் போராட்டம் என்று கோடு கிழிப்பது சரியா?’ என்று கேட்கலாம். சரியல்ல. திருப்பத்தூரில் 1921இல் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமமே அதற்குச் சாட்சி. இருவரும் மருத்துவர்கள், ஊரார் வாயில் பெரியண்ணன், சின்னண்ணன். அவர்கள் கட்டிய ஜெபாலயம் கோபுரத்தோடு திராவிடக் கோயில் போலவே நிற்கிறது, பக்கத்திலேயே மருத்துவமனை. கதர் உடுத்திய பேட்டன் 1932இல் சென்னையில் போலீசாரிடம் அடிபட்டார். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1939இல் செல்வரத்தினம் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆசிரமமும் இதே குடும்பந்தான்; அங்கேயும் ஜெபத்துக்கு அடுத்த வேலை சேவை. ஆக, வேறுபாட்டைத் தேச எல்லையில் தேடுவது வீண். வாசலில் வந்து நின்றவர் யார் என்பதில்தான் அது இருக்கிறது.

‘அப்படியானால் ஜெபம் அரசியலாகக் கரைந்துவிடாதா?’ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். தேவசரணாராமய பற்றி இலங்கைச் சபைக்குள்ளேயே இந்த முணுமுணுப்பு இருந்தது. ஆபத்து உண்மைதான். கூட்டம் போடுவதே ஜெபம் என்று ஆகிவிட்டால் முழங்கால் மறந்துபோகும். ஆனால் அரசியலுக்குப் பயந்து ஒதுங்கும் ஜெபம் தன் நலனைச் சுற்றியே வட்டமிடும். அதைப் புதுப்பிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதாரண விசுவாசிகளுக்கு ஆசிரமமே வேண்டாம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் போதும் என்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். கடன், கோர்ட்டு வழக்கு, குடிகாரக் கணவன், வேலையில்லாத மகன் என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிக்கும் அந்தக் கூடத்துக்குள் தெருவே வந்துவிடுகிறது. ரிட்ரீட் மையங்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். வைட்ஃபீல்டில் வேலிக்கு வெளியே அடுக்குமாடி கட்டும் வடநாட்டுத் தொழிலாளிகளும் அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் தெரிந்து ஜெபிக்க எவ்வளவு நாள் ரிட்ரீட் தேவை என்று அட்டவணை போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.