மாத நாவல் அட்டைகளும் வாசகரும்

தமிழ் வெகுமக்கள் புனைகதைகளை ஆராய்வோர் கதைப்பின்னலையும் மொழிநடையையும் நோக்கிய அளவுக்கு அட்டைப்படங்களைப் பொருட்படுத்தவில்லை எனலாம். மாத நாவல்களைத் தொகுத்துப் பைண்டு செய்யும்போது முதலில் கிழிக்கப்படுவதும் அட்டையே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனை மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துத் தைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் பல. ராணிமுத்து, மாலைமதி ஆகியவற்றின் அட்டைகளுக்கு அத்தகு மதிப்புக் கிட்டவில்லை.

இப்புறக்கணிப்பால் நாம் இழப்பது அழகை மட்டுமன்று. ஜெயராஜ் வரைந்த பெண்களை இங்கு நினைவுகூரலாம். மெலிந்த உடல், நவீன உடை, பார்ப்பவரை நேர்கொண்டு நோக்கும் கண்கள். இத்தகைய பெண்ணைப் பல கதைகள் இறுதியில் திருத்துகின்றன அல்லது தண்டிக்கின்றன. அட்டையோ அதைச் செய்வதில்லை, செய்யவும் இயலாது. முடிவைக் காட்டினால் மர்மம் கெட்டுவிடும். ஆகவே அவள் தீர்ப்புக்கு முந்திய கணத்திலேயே நிற்கிறாள். கதையாசிரியரின் ஒழுக்கமும் ஓவியரின் கோடும் இவ்விடத்தில் முரண்படுகின்றன. கதையை மட்டும் பயில்வோர்க்கு இம்முரண் புலப்படாது.

சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் பத்து எழுத்தாளர்களின் பதினேழு கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2008இல் வெளியிட்டது. அதன் அட்டையில் துப்பாக்கி ஏந்திய பெண் இடம்பெற்றாள். பின்னர் பழைய அட்டைகள் அஞ்சலட்டைகளாகவும் வந்தன. மறக்கப்பட்ட ஓவியங்களை மீட்ட இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் ஆங்கில வாசகருக்கு அவை வேடிக்கைப் பொருளாகவே சென்று சேர்ந்தன என்பது நம் கருத்து. அமெரிக்காவின் 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு 1930களில் அட்டை வரைந்த மார்கரெட் பிரண்டேஜ் ஒரு பெண் என்னும் செய்தி இன்று அவ்விதழ் குறித்த ஆய்வில் பேசப்படுகிறது. நம் ஓவியர்கள் குறித்து அத்தகைய வினாக்களே இன்னும் எழவில்லை.

மலேசியச் சூழலில் இவ்வினாவை வாசகரிடமிருந்து தொடங்கலாம். பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தபின் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தோருள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். சொந்தச் சம்பளம் பெற்ற அவர்களுள் மாத நாவல் படித்தோர் அந்த அட்டைப் பெண்ணை எவ்வாறு கண்டனர்? எச்சரிக்கையாகவா, தம்முள் ஒருத்தியாகவா? அத்தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். வட்டாரத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு அவர்தம் வாசிப்பு நினைவுகளைப் பதிவு செய்யலாம். வீடுகளில் எஞ்சியுள்ள இதழ்களை அட்டையோடும், உட்புறம் எழுதப்பட்ட பெயர்களோடும் பெற்றுக்கொள்ளுதல் நன்று.