வெள்ளைச் சாஸுக்கு அடியில்

ஸ்பெயின் வீடுகளில் சுக்கினி சூப்பை அரைக்கும்போது முக்கோணச் சீஸ் துண்டு இரண்டைச் சேர்த்துவிடுவது பழகிப்போன ஒன்று. காலிஃபிளவர் என்றால் பெஷமெல்: வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் கிளறிய வெள்ளைச் சாஸ். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அடியில் எந்தக் காய் இருந்தாலும் நாக்குக்குத் தெரிவது சாஸ்தான்.

பாலைக் குறைக்க நினைப்பவர்கள் உடனே ஓட்ஸ் க்ரீம் பெட்டியைத் தேடுகிறார்கள். அந்த ஊர்ச் சமையலுக்கு அது வீண்செலவு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியாவில் பசும்பால் செழித்தது மழை மிகுந்த வடக்கு ஓரத்தில்; தெற்கில் கொழுப்பென்றால் ஆலிவ் எண்ணெய். தவக்காலத்தில் இறைச்சியோடு பாலும் விலக்காக இருந்த காலத்தில், 14ஆம் நூற்றாண்டுக் கத்தலான் சமையல் நூலான ‘சென்ட் சோவி’ பாதாம் பாலைத் தாராளமாகப் பயன்படுத்தியது. கோர்தோபாவின் சால்மொரேஹோவில் தக்காளியும் பழைய ரொட்டியும் பூண்டும் எண்ணெயோடு அரைபட்டுத் தானாகவே திரள்கின்றன. போர்ச்சுகலின் கால்தோ வெர்தே சூப் கெட்டிப்பட மசித்த உருளைக்கிழங்கே போதும். அதில் கீரையை நூலாக நறுக்கிப் போடுவார்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி வட ஸ்பெயினிலுள்ள நவார்ராவின் கார்தோ. ஆர்டிசோக்கின் உறவான முள்செடி. வெயில் படாமல் மூடி வெளுக்கவைத்த தண்டைச் சமைப்பார்கள். வாழைத்தண்டுபோல நாரை உரித்தெடுக்க வேண்டும், கறுக்காமலிருக்க எலுமிச்சை தேய்க்க வேண்டும், பிறகு நெடுநேரம் வேகவைக்க வேண்டும். பூண்டை எண்ணெயில் வதக்கி, ஒரு கரண்டி மாவும் அரைத்த பாதாமும் சேர்த்து, தண்டு வெந்த நீரை ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். கார்தோவின் இளங்கசப்பு அப்படியே நிற்கிறது. பால் ஊற்றினால் முதலில் போவது அதுதான்.

அதற்காக இந்த மரபைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. பால் இல்லை என்பதால் சைவமாகிவிடாது: கார்தோவில் ஹாம் விழும், கால்தோ வெர்தேயில் சொரீசோ தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். பாதாம் விலை கூடியது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. கால்சியக் கணக்கும் உதைக்கிறது. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம். குழம்பில் ஒருவர் பங்குக்கு வரும் 20 கிராம் பாதாமில் 50 சொச்சம்தான். வடமேற்கு ஸ்பெயினின் கலீசியர்கள் உண்ணும் கிரேலோஸ், அதாவது டர்னிப் கீரை, இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். பசலைக்கீரையை நம்ப முடியாது. அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தின் பெரும்பகுதியை உடலில் சேரவிடாது.

பாலையே ஒதுக்கச் சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்ட்ரேலா மலையில் செம்மறியாட்டுப் பாலை உறையவைப்பது அதே கார்தோவின் பூ. பாலும் பூவும் உப்பும் தவிர அந்தச் சீஸில் வேறொன்றும் இல்லை. மேய்ச்சல் நிலத்தை நம்பிப் பிழைக்கும் இந்தப் பண்டத்தையும் சூப்பில் கரைக்கும் முக்கோணத்தையும் ‘பால்பொருள்’ என்று ஒரே பட்டியலில் அடைப்பது சோம்பேறித்தனம். முக்கோணத்தை நிறுத்தினால் சூப்புக்கு நட்டமில்லை. செம்மறிச் சீஸை ரொட்டியோடு தனியே சாப்பிடலாம்.