கேப்டனோடு நின்றுவிடும் விசாரணை

2017 ஜூன் 17, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. ஜப்பானுக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’டும் ‘ஏசிஎக்ஸ் கிரிஸ்டல்’ என்ற சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. போர்க்கப்பலின் கேப்டன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அறையே நசுங்கிப்போக, மாலுமிகள் கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தார்கள். கீழ்த்தளத்தில் கடல்நீர் புகுந்து 7 பேர் இறந்தார்கள். வேறு கப்பல் நெருங்கினால் தன்னை எழுப்ப வேண்டும் என்று அவர் எழுத்தில் உத்தரவு போட்டிருந்தார். பணியில் இருந்த அதிகாரி எழுப்பவில்லை. அப்படியும் கேப்டனின் பதவி போனது.

கேட்பதற்கு அநியாயம்தான். ஆனால் கடற்படை மரபு தூக்கத்தைச் சாக்காக ஏற்பதில்லை. கப்பலில் எது நடந்தாலும், யார் கையால் நடந்தாலும், பொறுப்பு கேப்டனுடையது. அமெரிக்கக் கடற்படை விதிகள் இந்தப் பொறுப்பை முழுமையானது என்றே வரையறுக்கின்றன.

இந்த மரபு இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் கமிட்டி கூட்டி முடிவெடுக்க முடியாது. சுக்கானைத் திருப்ப சில நிமிடங்கள்தான் இருக்கும். யாருடைய சொல் கடைசிச் சொல் என்பது கடைநிலை மாலுமிக்கும் தெரிந்திருந்தால்தான் கப்பல் கப்பலாக இருக்கும். பழியைக் கீழே தள்ளிவிட வழியில்லாத கேப்டன் புது மாலுமியின் பயிற்சியையும் இன்ஜின் அறையின் எண்ணெய்க் கசிவையும் தன் கவலையாகவே பார்ப்பார். கோப்பு மேசைக்கு மேசை நகரும் அரசு அலுவலகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு பொறாமைகூட வரலாம்.

இதே மரபு எல்லை தாண்டிப் போவதும் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை டார்ப்பிடோவால் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் தப்பிக்க வழிசெய்துகொண்டே கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்தத் தீரத்தைக் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் அன்று இறந்த 18 அதிகாரிகளையும் 176 மாலுமிகளையும் பற்றிய கேள்விகள், அந்த ஒற்றை உருவத்தின் பின்னால் மங்கிப்போயின. நீர்மூழ்கி வேட்டைக்கு அந்தக் கப்பல் போதுமானதுதானா என்ற கேள்வியைவிட, கேப்டன் எப்படி இறந்தார் என்ற கதைதான் மக்கள் மனதில் தங்கியது.

தியாகியாக்குவது ஒரு வழி என்றால், பலிகடா ஆக்குவது இன்னொரு வழி. 1945 ஜூலை 30 அன்று ‘இண்டியானாபொலிஸ்’ கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-58 தகர்த்தது. ஏறத்தாழ 1,200 பேரில் 316 பேர்தான் பிழைத்தார்கள். கப்பல் வந்துசேரவில்லை என்பதையே கடற்படை கவனிக்கவில்லை. நான்கு நாட்கள் கழித்து ஒரு ரோந்து விமானத்தின் கண்ணில் தற்செயலாகத்தான் அவர்கள் பட்டார்கள். கேப்டன் சார்லஸ் மெக்வே துணைக்கப்பல் கேட்டிருந்தார், தரவில்லை. அந்தத் தடத்தில் நீர்மூழ்கிகள் நடமாடிய உளவுத் தகவலையும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் இராணுவ நீதிமன்றத்தில் நின்றவர் அவர்தான். வளைந்து வளைந்து செல்லவில்லை என்பது குற்றம். மூழ்கடித்த நீர்மூழ்கியின் கேப்டன் ஹஷிமோட்டோவையே சாட்சியாக வரவழைத்தார்கள். வளைந்து போயிருந்தாலும் தப்பியிருக்க முடியாது என்றார் அவர். எதிரியே சொல்லியும் தீர்ப்பு மாறவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலர் ஆண்டுக்கணக்கில் வசைக் கடிதங்கள் அனுப்பினார்கள். 1968இல் மெக்வே தற்கொலை செய்துகொண்டார். அவர்மீது குற்றமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது 2000இல்.

இன்னொரு இழப்பும் உண்டு. 1908இல் பிலிப்பைன்ஸில் ‘டெகாட்டூர்’ கப்பலைத் தரைதட்டவைத்த இளம் அதிகாரி ஒருவர் கண்டிப்போடு தப்பினார். பெயர் செஸ்டர் நிமிட்ஸ். பின்னாளில் பசிபிக் கடற்போரை நடத்திய தளபதி. ஒரு பிழையோடு கதையை முடிக்கும் இன்றைய வழக்கம் அன்றே இருந்திருந்தால், அவர் எங்காவது ஒரு துறைமுகக் கிடங்கில் ஓய்வுபெற்றிருப்பார்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் விபத்து நடந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 21 அதிகாலையில், சிங்கப்பூர் அருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 பேர் இறந்தார்கள். இந்தமுறை கேப்டன் தூங்கவில்லை. நள்ளிரவு தாண்டியதிலிருந்தே பிரிட்ஜில்தான் இருந்தார். மாலுமிகள் கொஞ்சம் தூங்கட்டும் என்று, நெரிசலான நீர்ப்பாதைக்கான கூடுதல் ஆட்களை எழுப்பும் நேரத்தைத் தள்ளிவைத்திருந்தார். சுக்கானையும் வேகத்தையும் ஒரே ஆள் கவனிக்கத் திணறுவதைப் பார்த்து, வேலையை இருவருக்குப் பிரிக்கச் சொன்னார். தொடுதிரையில் நடந்த குழப்பத்தில் சுக்கான் கட்டுப்பாடு வேறு மேசைக்குத் தாவிவிட, சுக்கான் போய்விட்டதாக நினைத்துக் கூச்சல். பிரிட்ஜில் இருந்தவர்களில் சிலர் வேறு வகைக் கப்பலிலிருந்து கடனாக வந்தவர்கள். அந்தத் திரை அவர்களுக்குப் பழக்கமில்லை.

2017 ஜூனில், ஜப்பானைத் தளமாகக் கொண்ட அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றிதழ்களில் 37 சதவீதம் காலாவதியாகிக் கிடந்ததாக அரசுத் தணிக்கை அலுவலகம் கணக்குக் காட்டியது. கப்பலை விடாமல் கடலுக்கு அனுப்பியவர்கள் கரையில் இருந்தார்கள். ஏழாம் கடற்படைப் பிரிவின் தளபதியும் நீக்கப்பட்டார் என்பது உண்மைதான். ஓய்வுபெற அவருக்குச் சில வாரங்களே பாக்கி.

தொடுதிரை வேண்டாம், கையால் தள்ளும் பழைய நெம்புகோலே வேண்டும் என்று கப்பல்களில் இருப்பவர்கள் சொன்னதைக் கேட்டு, அதைத் திரும்பப் பொருத்தப்போவதாகக் கடற்படை 2019 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பு, 2018 மே மாதமே, மெக்கெய்னின் கேப்டன் கடமை தவறியதாக ஒப்புக்கொண்டு, கண்டனக் கடிதத்தையும் 6,000 டாலர் சம்பளப் பிடித்தத்தையும் ஏற்று, ஓய்வுபெறச் சம்மதித்திருந்தார்.